திங்கட்கிழமை காலை வருபவர்

ஃபெயில்ஓவர் கிளஸ்டரில் ஓடும் ஓர் எஸ்க்யூஎல் சர்வரிடம் பத்து விநாடிக்கு ஒரு முறை நலம் விசாரிக்கப்படுகிறது. கேள்வி ஒன்று, பதில் ஐந்து. உடம்பு எப்படி இருக்கிறது, நினைவகம் போதுமா, வினவல்கள் நகர்கின்றனவா, டிஸ்க் ஒத்துழைக்கிறதா என்று நான்கு பகுதிகள் தம் நிலையைச் சொல்லும். ஐந்தாவது பகுதி நடந்த சம்பவங்களைக் கொட்டிவிட்டு, உன் நிலை என்ன என்றால் எப்போதும் ‘தெரியாது’ என்றே விடை தரும். அதை வடிவமைத்ததே அப்படித்தான். முப்பது விநாடி வரை எந்தப் பதிலும் வரவில்லை என்றால் சர்வர் போய்விட்டது என்று முடிவு கட்டி, கிளஸ்டர் அதை மறுபடி எழுப்பப் பார்க்கும். தேவைப்பட்டால் வேறொரு கணினிக்கு மாற்றிவிடும்.

2012 பதிப்பில் வந்த ஏற்பாடு இது. பதில்கள் எல்லாம் ஒரு லாக் ஃபைலில் விழுகின்றன. ஃபைல் 100 மெகாபைட்டைத் தொட்டதும் அடுத்தது திறக்கும். இப்படிப் பத்து வரை சேரும். பதினொன்றாவது பிறக்கும்போது வரிசையில் மூத்தது அழியும். இரண்டு எண்களையும் மாற்றலாம். ஒரு வரிக் கட்டளை போதும், சர்வரை ரீஸ்டார்ட் செய்ய வேண்டியதில்லை. ஆனாலும் நிறைய இடங்களில் அவை நிறுவிய நாளில் இருந்தபடியே இருக்கின்றன. நிறுவியவருக்கு அன்று வேறு கவலைகள் இருந்திருக்கும்.

நூறா ஐந்நூறா, பத்தா ஐம்பதா என்பது டேட்டாபேஸ் நிர்வாகிகள் டீ ஆறுவதற்குள் முடித்துவிடும் பேச்சு. அதற்கு அடியில் கிடக்கும் கேள்வி அவ்வளவு சீக்கிரம் முடியாது. நடந்து முடிந்த ஒன்றின் தடம் எத்தனை காலம் இருக்க வேண்டும்? அதை அழிக்கும் உரிமை யாருக்கு, எப்போது வருகிறது? காஞ்சிபுரத்துச் சித்திரகுப்தர் கோயிலில் மூலவரின் கைகளில் எழுத்தாணியும் ஏட்டுச்சுவடியும் இருக்கின்றன. அவர் எதை எழுதுகிறார் என்று பயப்படாதவர் இல்லை. எழுதி நிறைந்த சுவடிகளை அவர் என்ன செய்கிறார் என்று யாரும் கேட்பதில்லை.

அளவை வைத்து எல்லை கட்டுவதில் ஒரு வினோதம் உண்டு. அமைதியான நாளில் சர்வர் குறைவாகப் பேசும். அதே ஒரு ஜிகாபைட் பல நாள் தாங்கும். கோளாறு வந்த நாளில் ஒவ்வொரு பதிலும் நீண்டுவிடுகிறது. யார் யாருக்காகக் காத்திருக்கிறார், எந்த வினவல் எந்த வரிசையைப் பூட்டி வைத்திருக்கிறது, எத்தனை பேர் கதவுக்கு வெளியே நிற்கிறார்கள் என்று பட்டியல் பட்டியலாக வந்து விழும். கூச்சல் கூடக் கூட ஃபைல்கள் வேகமாக நிரம்பும், பழையவை அதே வேகத்தில் கழியும். சும்மா இருந்த நாள்களை ஒன்றுவிடாமல் ஞாபகம் வைத்திருந்த இயந்திரம், நெருக்கடி நேரத்தில் காலையில் நடந்ததையே மறக்கத் தொடங்குகிறது. கோளாறு தன் பிறப்புச் சான்றிதழைத் தானே தின்றுவிடுகிறது.

அதே சர்வரின் எர்ரர் லாக்கின் கதை இன்னொரு விதம். அது அளவைப் பார்க்காது. ஒவ்வொரு ரீஸ்டார்ட்டிலும் புதிதாகத் தொடங்கும். நடப்பில் ஒன்று, பழையவை ஆறு, ஆக ஏழு. வேண்டுமென்றால் பழையவற்றை 99 வரை கூட்டிக்கொள்ளலாம், கூட்டியவர்கள் குறைவு. இரவு ஒரு மணிக்குச் சர்வர் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். பணியில் இருப்பவர் எழுப்புகிறார். விழுகிறது. எழுப்புகிறார். ஏழாவது முறை அவர் எழுப்பும்போது முதல் வீழ்ச்சியின் பதிவு போய்விடும். தமிழில் எழுபிறப்பு என்றொரு சொல் உண்டு. திருக்குறளிலும் அந்த எண்ணம் வருகிறது. இரண்டிலும் ஏழு வந்தது தற்செயல், அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. ஆனால் முந்தைய பிறப்பின் நினைவு அற்றுப்போக, அதன் வினை மட்டும் பின்னாலேயே வருவது எப்படி என்று மறுபிறவி பேசியவர்கள் பட்ட சங்கடத்தை, எட்டாவது முறையும் அதே இடத்தில் விழும் சர்வரின் முன்னால் உட்கார்ந்திருப்பவர் நன்றாகவே புரிந்துகொள்வார்.

யார் எழுதுகிறார் என்பதையும் பார்க்க வேண்டும். எர்ரர் லாக் என்பது சர்வர் தன் கையால் எழுதும் நாட்குறிப்பு. மயங்கி விழுந்தவரால் நாட்குறிப்பு எழுத முடியாது. அதனால்தான் அந்தப் பத்து விநாடி விசாரிப்பைச் சர்வரிடம் ஒப்படைக்கவில்லை. கிளஸ்டரின் பக்கம் தனியே ஓடும் ஒரு புரோகிராம் கேட்டுக் கேட்டு எழுதிக்கொள்கிறது. முண்டக உபநிடதத்தில் ஒரே மரத்தில் இரண்டு பறவைகள் வரும். ஒன்று பழம் தின்னும், மற்றது பார்த்துக்கொண்டிருக்கும். பார்க்கிற பறவையை வேதாந்திகள் சாட்சி என்றார்கள். அது எதிலும் ஒட்டாதது, எதையும் செய்யாதது. கிளஸ்டரின் சாட்சி அவ்வளவு சாது கிடையாது. முப்பது விநாடி மௌனத்துக்கு மரண தண்டனை விதிக்கும் அதிகாரம் அதற்கு உண்டு. போதாக்குறைக்கு, எழுதுவதற்கு அதற்கும் டிஸ்க்கில் இடம் வேண்டும். எல்லை வைக்காமல் விட்டால், சாட்சி எழுதிய எழுத்தே டிஸ்க்கை நிரப்பி, அது யாரைப் பார்த்துக்கொண்டிருந்ததோ அவரைக் கொன்றுவிடும்.

மூன்றாவது ஒரு பதிவு இருக்கிறது: கிளஸ்டர் லாக். இதைக் கிளஸ்டரில் உள்ள ஒவ்வொரு கணினியும், அதாவது நோடும், தனித்தனியே எழுதும். இரண்டு நோடுகளுக்கு நடுவே நெட்வொர்க் அறுந்தால் முதலாவது, ‘இரண்டாவது போய்விட்டது’ என்று எழுதும். இரண்டாவது, ‘முதலாவது போய்விட்டது’ என்று எழுதும். இரண்டுமே பொய் சொல்லவில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால்தான் அறுந்தது கம்பி என்று தெரியும். இங்கேயும் அளவு குறும்பு செய்கிறது. ஃபைல் அளவு எல்லா நோடுக்கும் ஒன்றுதான். ஆனால் பரபரப்பாக வேலை செய்த நோடு இரண்டு நாளை நினைவில் வைத்திருக்கும்போது, ஓய்வாக இருந்த நோடு இரண்டு வாரத்தை வைத்திருக்கலாம். வழக்கு நடக்கும்போது பாதிக்கப்பட்டவருக்கு ஞாபகம் போய்விட்டிருக்கும். வேடிக்கை பார்த்தவர் மட்டும் துல்லியமாகச் சொல்வார்.

அளவுக்குப் பதில் காலத்தை வைத்தால் சரியாகிவிடுமா? 2024 ஜனவரி 5 அன்று அமெரிக்காவின் போர்ட்லண்டிலிருந்து 177 பேருடன் கிளம்பிய அலாஸ்கா ஏர்லைன்ஸின் போயிங் 737 மேக்ஸ் 9 விமானத்தில், கதவுக்குப் பதிலாகப் பொருத்தியிருந்த ஒரு பலகை நடுவானில் பிய்த்துக்கொண்டு போனது. விமானம் திரும்பிப் பத்திரமாக இறங்கியது. விசாரணை அதிகாரிகள் விமானியறையின் ஒலிப்பதிவைக் கேட்டபோது அதில் அந்த நிமிடங்கள் இல்லை. அந்தக் கருவி கடைசி இரண்டு மணி நேரத்தை மட்டுமே வைத்திருக்கும். தரையிறங்கிய பிறகு அதன் மின்சாரத்தை உரிய நேரத்தில் யாரும் துண்டிக்கவில்லை. அது கடமை தவறாமல், ஒன்றும் நடக்காத அமைதியைப் பதிவு செய்தபடி அந்த நிமிடங்களின் மேல் எழுதிக்கொண்டே போயிற்று. அதே ஆண்டு மே மாதம் அமெரிக்கா இயற்றிய விமானப் போக்குவரத்துச் சட்டம் இதை 25 மணி நேரமாக்கச் சொன்னது. ஐரோப்பாவில் புதிய பெரிய விமானங்களுக்கு அந்த விதி முன்பே இருந்தது. அமெரிக்காவில் தாமதமானதற்கு விமானிகளின் சங்கங்கள் தெரிவித்த எதிர்ப்பும் ஒரு காரணம். வேலை செய்யும் இடத்தில் பேசும் ஒவ்வொரு சொல்லும் ஒரு நாள் முழுக்கச் சேமிக்கப்படுவதை யார் விரும்புவார்கள் என்று அவர்கள் கேட்டார்கள். அந்தக் கேள்விக்குத் திரும்ப வர வேண்டியிருக்கிறது.

இரண்டு மணி, 25 மணி எல்லாம் சரி. அந்த எண்ணை எங்கிருந்து எடுப்பது?

மைக்ரோசாஃப்டின் கிளஸ்டர் பொறியாளர்கள் தரும் ஒரு பரிந்துரை இந்த விஷயத்தில் கவனிக்கத் தக்கது. கிளஸ்டர் லாக்கில் குறைந்தது 72 மணி நேரம் இடைவெளியில்லாமல் இருக்க வேண்டும் என்கிறார்கள். இதற்கு அவர்கள் சொல்லும் காரணம் டிஸ்க்கின் விலையோ செயலியின் வேகமோ அல்ல. வெள்ளிக்கிழமை எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு ஏதாவது நடந்தால், திங்கட்கிழமை காலை வருபவருக்கு அது கிடைக்க வேண்டும். அவ்வளவுதான். வெள்ளி மாலை 6 மணியிலிருந்து திங்கள் காலை 9 மணி வரை 63 மணி நேரம். மிச்சம் இருக்கும் 9 மணி, அவர் வந்து காபி குடித்து, மெயில் பார்த்து, யாரோ கத்துவதைக் கேட்டு, பிறகு தேடத் தொடங்குவதற்கு. (பொங்கல் விடுமுறை சனி ஞாயிறோடு ஒட்டிக்கொண்டு வரும் ஆண்டுகளில் சென்னையில் இந்தக் கணக்கு உதவாது.) விண்டோஸ் 2003 காலத்தில் கிளஸ்டர் லாக்குக்கு இயல்பாகத் தரப்பட்டது 8 மெகாபைட், பின்னர் 300 மெகாபைட் வரை வளர்ந்தது. அந்த எண்களில் மனிதர் யாரும் இல்லை. 72இல் ஒருவர் இருக்கிறார்.

பதிவின் ஆயுளை, அதைத் தேடி வரப்போகிறவரை வைத்து முடிவு செய்வது புதிய யோசனை இல்லை. திவசம் கொடுக்கும் வீடுகளில் இது காலங்காலமாக நடக்கிறது.

தர்ப்பணத்தில் மூன்று தலைமுறையின் பெயர் சொல்லப்படும். தகப்பன் வசு ரூபம், பாட்டன் ருத்திர ரூபம், முப்பாட்டன் ஆதித்திய ரூபம். ஒருவர் இறந்ததும் அவர் உடனே இந்த வரிசையில் சேர்வதில்லை. பிரேதம் என்ற இடைநிலையில் இருப்பார். பெரும்பாலும் பன்னிரண்டாம் நாள் நடக்கும் சபிண்டீகரணத்தில் அவருக்கான பிண்டம் பிரிக்கப்பட்டு, முன்னோர் மூவரின் பிண்டங்களோடு கலக்கப்படும். அந்தக் கணம் வரிசை முழுவதும் ஒரு படி நகர்கிறது. புதியவர் வசுவாகிறார், வசு ருத்திரனாகிறார், ருத்திரன் ஆதித்தியனாகிறார். இதுவரை ஆதித்தியனாக இருந்தவர் வரிசையை விட்டு வெளியேறுகிறார். இனி அவர் பெயரைச் சொல்லி யாரும் பிண்டம் வைக்க மாட்டார்கள். விண்டோஸ் 2008 பதிப்பின் கிளஸ்டர் லாக்கும் மூன்று ஃபைல்களை வைத்துக்கொண்டு இதையே செய்தது: இயந்திரம் ஒவ்வொரு முறை மறுபடி கிளம்பும்போதும் அடுத்த ஃபைலுக்கு நகரும், நான்காவது வரும்போது மூத்தது இடம் விடும்.

ஏன் மூன்று? சடங்கு நூல்கள் தரும் காரணங்கள் பல. ஒரு பாமரக் காரணமும் தோன்றுகிறது. முப்பாட்டனைத் தாண்டி யாரையும் ஒருவர் நேரில் பார்த்திருக்க வாய்ப்பு அநேகமாக இல்லை. எள்ளும் தண்ணீரும் இறைப்பவரின் வாழ்வோடு உரசிச் சென்றவர்கள் அந்த மூவர். சடங்கு அங்கே நிற்கிறது. ஆனால் ஒரேயடியாக அறுத்துவிடவும் இல்லை. வெளியேறிய நான்காம், ஐந்தாம், ஆறாம் தலைமுறையினருக்குத் தர்ம சாஸ்திரங்களில் ஒரு பெயர் இருக்கிறது: லேபபாகிகள். பிண்டம் வைத்த கையில் ஒட்டியிருக்கும் பருக்கைகளைத் துடைக்கும்போது விழுவது அவர்களுக்கு. பெயர் போயிற்று, பங்கு போயிற்று, ஒட்டியது மட்டும் மிச்சம். சர்வர்களைக் கண்காணிக்கும் கருவிகளிலும் இந்தக் கையொட்டல் உண்டு. 1999இல் வந்த ஆர்ஆர்டி டூல் என்ற மென்பொருள் சமீபத்திய அளவீடுகளை நிமிடவாரியாக வைத்திருக்கும். பழையதாக ஆக, அவற்றை மணிக்கணக்குச் சராசரியாக, பிறகு நாள்கணக்குச் சராசரியாகச் சுருக்கிவிடும். ஃபைலின் அளவு முதல் நாளிலிருந்து மாறவே மாறாது.

இந்தச் சுருக்கத்தைச் செய்ய முடியாத மனிதர் ஒருவர் இருந்தார். ரஷ்யப் பத்திரிகையாளர் சாலமோன் ஷெரஷெவ்ஸ்கியை உளவியலாளர் அலெக்ஸாண்டர் லூரியா 1920களிலிருந்து பல்லாண்டு ஆராய்ந்து, 1968இல் அவரைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். எண் பட்டியல்களை ஆண்டுகள் கழித்தும் பிழையில்லாமல் சொல்லக்கூடியவர் அவர். மறப்பதற்குத்தான் வழி தெரியவில்லை. மறக்க வேண்டியதைக் காகிதத்தில் எழுதி எரித்துப் பார்த்தார். கருகிய தாளிலும் எண்கள் தெரிந்தன. எல்லா லாக்கையும் வைத்துக்கொள்வோம், இடம்தான் மலிவாயிற்றே என்று சொல்பவர்கள் அவருடைய கதையைப் படித்ததில்லை போலிருக்கிறது.

தடம் எவ்வளவு நாள் நிற்கும் என்ற கேள்வியை எல்லோரையும் விட நுணுக்கமாகக் கையாண்டவர்கள் சமணர்கள். அவர்களுக்கு வினை என்பது பேரேட்டில் எழுதும் குறிப்பு இல்லை. உயிரில் வந்து படியும் நுண்ணிய பொருள், கிட்டத்தட்ட தூசி. பொருள் என்றாலே அதற்கு அளவும் ஆயுளும் உண்டு. உமாஸ்வாதியின் தத்துவார்த்த சூத்திரம் வினைக்கட்டை நான்காகப் பிரிக்கிறது: எந்த வகை என்பது பிரகிருதி, எவ்வளவு திரள் என்பது பிரதேசம், எத்தனை காலம் நிற்கும் என்பது ஸ்திதி, எவ்வளவு தீவிரம் என்பது அனுபாகம். லாக் கோப்பு ஒன்றை அமைக்க உட்காரும் நிர்வாகி நிரப்ப வேண்டிய நான்கு கட்டங்களும் இவைதான்: எந்த நிகழ்ச்சிகள், எத்தனை மெகாபைட், எத்தனை நாள், எந்தத் தீவிர நிலை முதல். ஒப்புமைகளைத் தேடிப்போனால் எங்கேயும் கிடைக்கும் என்பது உண்மைதான். இது தேடாமல் வந்து நிற்கிறது.

ஒவ்வொரு வகை வினைக்கும் அந்த நூலில் தனித்தனிக் கெடு உண்டு. மயக்கத்தைத் தரும் மோகனீயம் மிக நீண்டது: அதிகபட்சம் 70 கோடாகோடி சாகரோபமம். மனிதக் கணக்குக்கு அடங்காத காலம் அது. இன்ப துன்ப உணர்வைத் தரும் வேதனீயத்தின் குறைந்தபட்சக் கெடு 12 முகூர்த்தம். முகூர்த்தத்துக்கு 48 நிமிடம் என்றால் 9 மணி 36 நிமிடம். இவ்வளவு குறிப்பாகப் பேசியதைவிட முக்கியமானது அடுத்த படி. வகையும் திரளும் செயலால் அமைகின்றன. காலமும் தீவிரமும் கஷாயத்தால், அதாவது கோபம், செருக்கு, வஞ்சனை, பேராசை என்ற பிசுக்கால் அமைகின்றன என்றார்கள். எவ்வளவு வந்து விழுகிறது என்பது நாம் எவ்வளவு அசைகிறோம் என்பதைப் பொறுத்தது. எவ்வளவு நாள் ஒட்டுகிறது என்பது பிசுக்கைப் பொறுத்தது. ஒரு பெரிய கோளாறில் அடிபட்டு, மேலிடத்தில் வசை வாங்கிய நிர்வாகி மறுநாள் காலை எல்லாவற்றின் கெடுவையும் ஐந்து மடங்காக்குவதைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சூத்திரத்துக்கு உரை தேவைப்படாது. தேவையைக் கணக்கிட்டு வைத்த கெடு இல்லை அது. பயம் வைத்த கெடு.

தமிழ்ச் சமணர்கள் இந்தத் தத்துவத்துக்கு நல்ல தமிழ்ச் சொற்களை ஆண்டார்கள். வினை வந்து சேர்வது ஊற்று. அதைத் தடுப்பது செறிப்பு. சேர்ந்ததைக் கழிப்பது உதிர்ப்பு. சித்திரகுப்தர் அமர்ந்திருக்கும் காஞ்சியின் ஓரத்திலேயே, திருப்பருத்திக்குன்றத்தில், மேருமந்தர புராணத்தை எழுதிய வாமன முனிவர் இருந்தார். உதிர்ப்பிலும் இரண்டு வகை சொல்வார்கள். கெடு முடிந்து தானாகப் பழுத்து விழுவது ஒன்று. தவத்தால் கெடுவுக்கு முன்பே உதிர்ப்பது மற்றொன்று. லாக் நிலையைக் குறைப்பது செறிப்பு, தானியங்கி அழிப்பு முதல் வகை உதிர்ப்பு, நிர்வாகி கையால் அழிப்பது இரண்டாம் வகை என்று விளையாட்டாகச் சொல்லிப் பார்க்கலாம். கெடுவுக்கு முன்பே கையால் அழிப்பதற்குத் தவம் வேண்டும் என்ற நிபந்தனையை மட்டும் விட்டுவிடக் கூடாது. இரவு இரண்டு மணிக்கு டிஸ்க் நிரம்பியதும், பெரிதாகத் தெரிந்த ஃபைலை என்ன ஏது என்று பாராமல் அழிப்பதைச் சமணர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

வகைக்கு வகை வேறு கெடு என்ற எண்ணத்தை ஆரக்கிள் நிறுவனம் 2007இல் வெளியிட்ட 11ஜி பதிப்பில் கொண்டுவந்தது. பிறகு அதன் கிளஸ்டர் மென்பொருளின் பதிவுகளும் இந்த ஏற்பாட்டுக்குள் வந்தன. ட்ரேஸ் ஃபைல் போன்ற குறுங்காலச் சரக்குக்கு 720 மணி, அதாவது 30 நாள். சம்பவப் பதிவுகளுக்கு 8,760 மணி, ஓர் ஆண்டு. அதில் இன்னொரு புத்திசாலித்தனமும் இருக்கிறது. ஒரே கோளாறு ஒரு மணி நேரத்துக்குள் ஐந்து முறை வந்துவிட்டால், அதற்குப் பிறகு வருவதற்கெல்லாம் விரிவான விவரக் குவிப்பைச் செய்யாது. வந்தது என்று மட்டும் குறித்துக்கொள்ளும். ஒரே புலம்பலை ஆறாவது முறை கேட்கிறவர் தலையை மட்டும் ஆட்டுவது போல. கோளாறு தன் பிறப்புச் சான்றிதழைத் தின்பதற்கு இது ஒரு நல்ல மருந்து. முதல் ஐந்தும் பத்திரமாக இருக்கும்.

இதுவரை சொன்னதற்கெல்லாம் எதிராக ஒரு பெட்டி நிறையச் சாட்சியம் கெய்ரோவில் கிடைத்தது. பழைய கெய்ரோவின் பென் எஸ்ரா யூதக் கோயிலில் கெனிசா என்ற அறை இருந்தது. கடவுளின் பெயர் எழுதிய தாளைக் குப்பையில் போடக் கூடாது என்பது யூத வழக்கம். தேய்ந்த ஏடுகளை ஓரிடத்தில் சேர்த்து, பிறகு மண்ணில் புதைப்பார்கள். பென் எஸ்ராவில் கடவுளின் பெயர் இருக்கிறதா என்று பார்க்காமலே, எபிரேய எழுத்தில் இருந்த எதையும் நூற்றாண்டுக் கணக்கில் உள்ளே போட்டார்கள். புதைப்பதும் நடக்கவில்லை. 1896 முடிவில் அங்கே போன அறிஞர் சாலமன் ஷெக்டர் ஏறக்குறைய 1,90,000 துண்டுகளைக் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுவந்தார். திருமண ஒப்பந்தங்கள், கடன் சீட்டுகள், துணி விலை, பள்ளிப் பிள்ளையின் எழுத்துப் பயிற்சி என்று கிடைத்தன. 12ஆம் நூற்றாண்டில் மங்களூரில் குடியிருந்த ஆபிரகாம் பென் யிஜூ என்ற வணிகரின் கடிதங்களும் அதில் இருந்தன. அமிதவ் கோஷின் 1992ஆம் ஆண்டு நூல் ஒன்று இந்தக் கடிதங்களின் வழியே அவர் வீட்டு அடிமை ஒருவரின் தடத்தைத் தேடிப் போயிற்று.

தேடி வருபவரை நினைத்துக் கெடு வை என்ற விதியை வைத்துப் பார்த்தால் அந்த அறையில் ஒரு தாள்கூடத் தேறியிருக்காது. ஷெக்டர் வருவார் என்று யாருக்கும் தெரியாது. ஆகவே எல்லாவற்றையும் வைத்துக்கொள்ள வேண்டும் என்று இதிலிருந்து வாதிடுபவர்கள் இருக்கிறார்கள். அந்த வாதத்தில் கவர்ச்சி இருக்கிறது, பிழையும் இருக்கிறது. கெனிசா பெருகிக் கிடந்தது தனி அறை ஒன்றில்தான். அதனால் கோயில் இயங்காமல் போகவில்லை. டேட்டாபேஸ் இருக்கும் டிஸ்க்கிலேயே லாக்கும் இருந்தால் கதை வேறு. அதைவிடப் பெரிய வித்தியாசம், கெனிசாவின் மனிதர்களில் பெரும்பாலோர் இறந்து பல நூற்றாண்டு ஆகியிருந்தது. பென் யிஜூ உயிரோடு இருக்கும்போதே அவருடைய கடன் சீட்டை ஊர் படித்திருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பார்?

விமானிகளின் கேள்வி இங்கேதான் திரும்பி வருகிறது. சர்வரின் நலம் பற்றிய பதிவில், பூட்டிக்கொண்டு நிற்கும் வினவல்களின் வாசகமும் சேர்ந்து விழக்கூடும். வினவலுக்குள் நோயாளியின் பெயரையோ வாடிக்கையாளரின் செல்போன் எண்ணையோ அப்படியே பதித்து எழுதும் பழக்கமுள்ள புரோகிராமர்கள் இன்னும் இருக்கிறார்கள். இயந்திரத்தின் நாடி பார்க்க வைத்த லாக்கில் மனிதர்களின் சங்கதி தங்கிவிடுகிறது. அதைப் பார்க்கும் அனுமதி டேட்டாபேஸைப் பார்க்கும் அனுமதியைவிடத் தளர்வாக இருப்பதும் வழக்கம். ஒவ்வொரு மனிதரோடும் இரண்டு எழுத்தர் வானவர்கள் இருக்கிறார்கள் என்று இஸ்லாம் சொல்கிறது. அந்த மரபில் வழங்கும் ஓர் அறிவிப்பின்படி, தீமையை எழுதும் இடப்பக்கத்து வானவர் ஆறு மணி நேரம் பேனாவை உயர்த்திப் பிடித்துக் காத்திருப்பார். அதற்குள் மனிதர் வருந்தி மன்னிப்புக் கேட்டால் எழுத மாட்டார். எழுதிய பின் அழிப்பதைவிட எழுதாமல் விடுவது மேல் என்று நினைத்த மரபு அது. சர்வர் உலகத்தில் இதற்குச் சமமானது, மதிப்புகளை வினவல் வாசகத்தில் ஒட்டாமல் அளவுருவாகத் தனியே அனுப்பும் எளிய ஒழுக்கம். பாதுகாப்புக்காக என்று சொல்லித்தரப்படும் பழக்கம் இது. லாக்கின் மானத்தையும் பெருமளவு காப்பாற்றுகிறது.

சட்டங்கள் இரண்டு பக்கமும் இழுக்கின்றன. இந்தியாவின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரலில் பிறப்பித்த உத்தரவு, கணினி அமைப்புகளின் லாக்குகளை 180 நாள் வைத்திருக்கச் சொல்கிறது. அட்டைப் பரிவர்த்தனைப் பாதுகாப்பு விதிகள் தணிக்கைப் பதிவுகளை 12 மாதம் கேட்கின்றன. அதில் கடைசி 3 மாதம் உடனே கைக்கு எட்டும்படி இருக்க வேண்டும். 2018இல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பியத் தரவுச் சட்டம், தனிமனிதத் தகவலைத் தேவைக்கு மேல் ஒரு நாளும் வைக்காதே என்கிறது. ஒன்று ‘இதற்குக் குறையாதே’ என்னும், மற்றது ‘இதைத் தாண்டாதே’ என்னும். இரண்டுக்கும் நடுவில், 100 பெருக்கல் 10 என்ற இயல்பு அமைப்பு, நாள்களைப் பற்றி எதுவும் அறியாமல் உட்கார்ந்திருக்கிறது.

மெகாபைட்டை நாளாக மாற்றிப் பார்க்க ஒருவருக்கு ஐந்து நிமிடம் போதும். இருக்கும் லாக் ஃபைல்களில் மூத்ததைத் திறந்து முதல் வரியின் நேரத்தைப் பார்க்க வேண்டும். கிளஸ்டர் லாக்கில் அது இயல்பாக உலகப் பொது நேரத்தில் இருக்கும். சென்னையில் படிப்பவர் ஐந்தரை மணி கூட்டிக்கொள்ள வேண்டும். கூட்ட மறந்தவர்கள் தப்பான இரவில் தேடிக்கொண்டிருப்பார்கள். ஒரு திங்கட்கிழமை காலை, முதல் வரியில் சனிக்கிழமை 18:40 என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இங்கே அது ஞாயிறு பிறந்து பத்து நிமிடம். ஒரு கிளை அலுவலகத்திலிருந்து புகார் வந்தது சனி இரவு 11 மணிக்கு. எழுபது நிமிடம் குறைகிறது. பக்கத்து நோடு அன்றிரவு சும்மா இருந்தது. அதன் லாக்கில் இரண்டு வாரம் அப்படியே கிடக்கிறது. காபியைக் கீழே வைத்துவிட்டு அவர் முதலில் அதைத்தான் திறக்கிறார். சென்னை நேரப்படி 22:52 வாக்கில் அது தன் அண்டை வீட்டுக்காரரைப் பற்றி ஒரு வரி எழுதி வைத்திருக்கிறது.